அங்கொடையும் கோரேகாவும்

இலங்கையில் அங்கொடை என்னும் ஊர்ப் பெயரை அறியாதவர் அரியர். கொழும்புக்குக் கிழக்கே உள்ள அவ்வூரில் 1926 ஆம் ஆண்டில் அரசினர் மனநோய் வைத்தியசாலை அமைந்தது. நாளடைவில் ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. பின்னர் அஃது ஏளனச் சொல்லாகவும் மாறிற்று. சந்தையிலே சச்சரவு மூண்டாலும், பாடசாலையிலே பிள்ளைகள் சண்டையிட்டாலும், "இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்பது நாவில் எளிதாக எழும் வசை. அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றுள்ளது. ஆயினும் பழைய வசை முற்றாக மறையவில்லை.

கோரேகாவ் என்பது வேறோர் ஊர். அது பம்பாய் மாநகரின் வடபாகத்தில் உள்ளது. மனநோய்களுள் மிகப் பரவலான மனச்சோர்வுக்கு ஒரு மருந்து அவ்வூரிலே ஆக்கப்பட்டது. அதனை ஆக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் தமிழர். அவருக்கு ஆசிரியராயிருந்து அந்த ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவரும் தமிழரே. எனினும் கோரேகாவின் பெயரை இது தொடர்பாக அறிந்தோர் மிகச் சிலர். நோயாளியை அடைத்து வைத்த இடத்தின் பெயரை எல்லோரும் அறிவர்; நோய்க்கு மருந்து தேடிய இடத்தின் பெயரை எவரும் அறியார். இவ்விரண்டு பெயர்களுக்கும் இடையேயுள்ள வரலாறு ஒரு குளிசையின் வரலாறு மாத்திரமன்று. ஒரு நோயை நாம் எவ்வாறு எண்ணி வந்தோம் என்பதன் வரலாறும் ஆகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியில், திருக்கோவிலுக்கு அண்மையில், சாகாமம் என்னும் ஊர் உளது. குளமும் வயலும் சூழ்ந்த ஊர் அது. அங்கிருந்து வடக்கே சென்றால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் தொடர்ந்து வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வட்டை, மருதமுனையிலே தறியோசை. உழைப்பே வாழ்வாகக் கொண்ட மக்கள் இவர்கள். இத்தகைய ஊரிலே, வேளாண்மை விளைந்து கிடக்கும் காலத்தில், வட்டைக்குப் போக மனமில்லாமல் திண்ணையிற் சாய்ந்திருக்கும் ஒருவரை அயலார் என்னவென்று கூறுவர்? சோம்பேறி என்பர் சிலர். கண்ணூறு பட்டதென்பர் சிலர். யாரோ செய்வினை செய்துவிட்டனர் என்பாரும் உளர். பிள்ளை பெற்ற பின் குழந்தையின் முகத்தைப் பார்க்கவும் விருப்பற்று, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் இளந்தாயைப் பற்றியும் இவ்வாறே பேசுவர். ஒரு வீட்டார் ஓதித் தண்ணீர் கொடுப்பர். இன்னொரு வீட்டார் திருநீறு போட்டு நூல் கட்டுவர்.

இவற்றைச் செய்தவர்களை நகைப்பது முறையன்று. கைக்கெட்டிய ஆறுதலைத் தம் அன்புக்குரியவர்க்கு அவர்கள் கொடுத்தனர். அங்கொடைக்குப் போவதா, ஆறுதலோடு வீட்டில் இருப்பதா என்ற இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று நெடுங்காலமாக அவர்களுக்குக் காட்டப்படவில்லை. நித்திரை விடியுமுன்னே கலைதல், உணவிற் சுவையின்மை, எதிலும் விருப்பின்மை, உடற்சோர்வு, தன்னையே குற்றஞ்சாட்டிக் கொள்ளுதல், சாவை நினைத்தல் ஆகிய இக்குறிகள் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், அது சோம்பலுமன்று, செய்வினையுமன்று, அது நோய். இந்நோய்க்குக் குளிசையும் பயன்படும் என்பதை வைத்திய உலகமே 1950களிலேதான் அறிந்தது.

அந்த அறிவு பிறந்த பாதையில் முதலிற் கிடப்பது நமது நாட்டுப் பக்கத்து வேரொன்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை இந்திய நாட்டு வைத்தியர்கள் பித்துக்கும் நித்திரையின்மைக்கும் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். 1931 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், பித்துக் கொண்டோர்க்கும் இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கும் அவ்வேர் பயன்படுவதை எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இரசாயன அறிஞர், ரஃபத் சித்தீக்கியோடு சேர்ந்து, அவ்வேரிலிருந்து தூய பொருள்களைப் பிரித்தெடுத்தார். அக்கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார். யூனானி வைத்தியமும் மேனாட்டு இரசாயனமும் ஒரே மேசையில் அமர்ந்த நிகழ்ச்சி அது. 1949 இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்தத்துக்கு அவ்வேர் செய்யும் நன்மையை ஆங்கில வைத்திய ஏட்டில் எழுதியபோது, உலகம் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தவர்களுள் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சீபாக் கம்பனியாரும் ஒருவர். அவர்களுடைய ஆராய்ச்சிக் கூடத்தில் 1952 ஆம் ஆண்டில் அவ்வேரின் முக்கிய சாரமான றெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அஃது இரத்த அழுத்தத்தைத் தணித்தது. கொந்தளிக்கும் மனத்தையும் தணித்தது. ஆனால் அதனை உண்டோருட் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர் என்பதும் பின்னர் தெரியவந்தது. மனத்தை ஒரு மருந்து அமைதிப்படுத்தும் என்பது மாத்திரமன்று, மனத்தைத் தாழ்த்தவும் கூடும் என்பது இதனாற் புலனாயிற்று. தாழ்த்த வல்ல மருந்து உண்டெனின், உயர்த்த வல்ல மருந்தும் இருத்தல் கூடுமன்றோ?

அத்தகைய மருந்து அதே பாசல் நகரத்து மற்றொரு கம்பனியின் கூடத்திலிருந்து வந்தது. அதனை எதிர்பார்த்துத் தேடியவர் எவருமிலர். கெய்கி என்னும் அக்கம்பனி சாயப்பொருள்களால் வளர்ந்தது. 1950களில் பிரான்சு நாட்டிலே குளோர்ப்புரோமசின் என்னும் மருந்து பித்து நோயாளரை அமைதிப்படுத்திப் புகழ் பெற்றது. அதனைப் போன்ற வடிவமுடைய சேர்வையொன்று தம்மிடமும் உண்டென்று கெய்கியார் கண்டனர். அச்சேர்வைக்கு அப்போது பெயரில்லை. ஜி 22355 என்ற எண்ணே இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் ஏரிக் கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநோய் வைத்தியசாலையில், ரோலண்ட் கூன் என்னும் வைத்தியரிடம் அதனைச் சோதிக்கக் கொடுத்தனர். பித்து நோயாளர்க்கு அது பயன்படவில்லை. சிலர் முன்னிலும் அதிகமாகக் கலவரப்பட்டனர். கம்பனியின் கணக்கில் அது தோல்வி.

கூன் அவ்வாறு விட்டுவிடவில்லை. சிலரைக் கலவரப்படுத்தும் பொருள் சோர்ந்தவரை எழுப்பக் கூடுமோ என எண்ணினார். 1956 ஆம் ஆண்டு தை மாதத்தில், கடும் மனச்சோர்வுற்ற நோயாளி ஒருவருக்கு அதனைக் கொடுத்தார். சில நாட்களில் மாற்றம் தெரிந்தது. பின்னர் ஏனையோர்க்கும் கொடுத்தார். கூன் கருவி எதனையும் நம்பியிருக்கவில்லை; கண்ணாலும் காதாலும் கவனித்தார். காலையிலே பிறர் எழுப்பாமல் தாமே எழுந்தனர்; தணிந்திருந்த குரல் ஓங்கியது; முகத்தில் உயிர்ப்பு வந்தது; உறவினரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். நாற்பது பேரளவில் தாம் கண்டவற்றை 1957 ஆவணியில் சுவிஸ் வைத்திய ஏடொன்றில் வெளியிட்டார். அடுத்த மாதம் சூரிச் நகரில் நடந்த உலக மனநோய் வைத்தியர் மாநாட்டில் அவர் இதனைப் பேசியபோது, கேட்க வந்திருந்தவர் ஏறக்குறையப் பன்னிருவரே. அம்மருந்துதான் இமிப்பிரமின், டோஃப்ரனில் என்னும் வணிகப் பெயரில் உலகெங்கும் பரவியது. 1961 இல் அமெரிக்காவில் அமிற்றிப்டிலின் என்னும் தங்கை மருந்தும் விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றிற் கறையும் உண்டு. மூன்ஸ்டர்லிங்கனில் நிகழ்ந்த மருந்துச் சோதனைகளைப் பற்றி அந்த மாநில அரசு வரலாற்றறிஞரைக் கொண்டு ஆராய்வித்தது. 2019 இல் வெளியான அவ்வாராய்ச்சி, பல ஆண்டுகளாக ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்க்குப் பெயர் வைக்கப்படாத சேர்வைகள் கொடுக்கப்பட்டதையும், தக்க விளக்கமும் சம்மதமும் இன்றியே பல சோதனைகள் நடந்ததையும் எடுத்துக்காட்டியது. இன்று ஒருவர் விழுங்கும் குளிசையின் பின்னே, கேட்கப்படாமலே சோதிக்கப்பட்ட மனிதரும் நிற்கின்றனர். இதனை மறவாதிருப்பதே அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச நன்றி.

இம்மருந்துகளை முவ்வளைய மருந்துகள் என்பர். காரணம் அவற்றின் மூலக்கூற்று வடிவம். இரு ஓரங்களிலும் ஆறு காபன் அணுக்கள் கொண்ட இரண்டு பென்சீன் வளையங்கள்; அவற்றை இணைத்து நடுவே மூன்றாவது வளையம். நடு வளையத்திலிருந்து ஒரு வால் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு நைதரசன் அணு இருக்கும். சங்கிலியின் மூன்று வளையங்களைக் கோத்து, நடு வளையத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கும். குளோர்ப்புரோமசினின் நடு வளையத்தில் ஆறு அணுக்கள். இமிப்பிரமினின் நடு வளையத்தில் ஏழு. இந்த ஓரணு வேற்றுமையோடு வேறு சில மாற்றங்களும் சேர, அமைதிப்படுத்தும் மருந்துக் குடும்பத்திலிருந்து எழுப்பி விடும் மருந்து பிறந்தது.

அது மூளையிற் செய்வதென்ன? நரம்பு ஒன்று அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்ப நோரதிரனலின், செரற்றோனின் முதலிய பொருள்களைச் சிறிதளவு வெளியே சிந்துகிறது. செய்தி சேர்ந்தபின் சிந்தியதை மீளவும் உள்ளிழுத்துக் கொள்கிறது. அமெரிக்க விஞ்ஞானி யூலியஸ் அக்சல்ரொட்டும் உடன் உழைத்தோரும் 1961 இல், இமிப்பிரமின் இந்த மீளிழுப்பைத் தடுக்கிறது எனக் காட்டினர். வயலுக்குப் பாய்ந்த நீர் வடிந்து போகாமல் வாய்க்காலின் கடைவாயை அடைப்பது போன்ற செயல் அது. இவ்வாராய்ச்சி உள்ளிட்ட பணிகளுக்காக அக்சல்ரொட் 1970 இல் நோபெல் பரிசு பெற்றார். றெசர்ப்பினோ இதற்கு மறுதலையானது. 1955 இல் பிரோடி என்பாரின் குழு கண்டவாறு, அது செரற்றோனின் சேமிப்பை வெறுமையாக்குவது. ஆகவே றெசர்ப்பின் ஊட்டிச் சோர்வுறச் செய்த விலங்குகளை ஒரு புதிய சேர்வை எழுப்புகிறதா என்று பார்ப்பது மருந்தாராய்ச்சிக் கூடங்களில் வழக்கமான சோதனையாயிற்று. நமது பக்கத்து வேர், நோய்க்கு மருந்தாக வந்து, பின் மருந்தை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. ஆயினும் மீளிழுப்புத் தடை சில மணி நேரத்தில் நிகழ, நோயாளியின் மனம் தேறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்வது ஏன் என்ற வினாவுக்கு இன்றும் முழுமையான விடை வந்துவிடவில்லை.

இனிக் கோரேகாவுக்கு வருவோம். றெசர்ப்பினாற் பெரும் பயன் அடைந்த சீபாக் கம்பனி, இந்தியாவிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைக்க முன்வந்தது. 1963 ஆம் ஆண்டில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ரி. ஆர். கோவிந்தாச்சாரியார். 1915 இற் பிறந்த இவர், சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவின் இலினோய் சர்வகலாசாலையில் ரொஜர் அடம்ஸ் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்று, மீண்டும் பிரசிடென்சிக் கல்லூரிக்கே திரும்பி, பேராசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றினார். தென்னாட்டு மரஞ்செடிகளிலுள்ள பொருள்களின் மூலக்கூற்று வடிவங்களைக் கண்டறிவதில் வல்லவர். 1960 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான சாந்தி சொரூப் பட்நாகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரிக் கூடத்திலே, கைத்திறனாலும் கருத்துத் திறனாலும் ஆராய்ச்சி செய்து மாணவரை ஆளாக்கியவர் அவர். பம்பாய்க்குச் சென்றபோது அந்த மாணவர் பரம்பரையும் அவரைத் தொடர்ந்தது.

அப்பரம்பரையில் வந்தவர் கே. நாகராஜன். கோவிந்தாச்சாரியாரிடம் சென்னையில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்ற இவர், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பின் கோரேகாவ் நிலையத்தில் இரசாயனப் பிரிவில் உழைத்தார். மூன்று வளையங்கள் கோத்த சேர்வைகளை இவருடைய குழு பல வகையாக ஆக்கிப் பார்த்தது. அவற்றுள் ஒன்று இமிப்பிரமினைப் போன்ற வாலையுடையது. நடு வளையத்தில் ஏழு அணுக்களே. ஆனால் அவற்றுள் ஒன்று ஒட்சிசன், மற்றொன்று நைதரசன். நைதரசனை அடுத்த காபன் அணுவில் மேலும் ஓர் ஒட்சிசன் பொருந்தியிருந்தது. ஓர் ஓர வளையத்தில் நைத்திரோத் தொகுதி ஒன்று தொங்கியது. இவ்வாறு இமிப்பிரமினின் உறவும் புதியதோர் உருவமும் கொண்டு அச்சேர்வை அமைந்தது.

ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் அதன் பெயர் சீபா 2330-கோ. ஈற்றிலுள்ள "கோ" என்பது கோரேகாவைக் குறிக்கும். பின்னர் அதற்கு நைத்திரொக்சசிப்பின் என்று பொதுப் பெயரும், சின்டமில் என்று வணிகப் பெயரும் சூட்டினர். இவ்வணிகப் பெயரை ஆங்கில எழுத்துக்களில் எழுதினால், அதன் பிற்பாதி தமிழ் என்னும் சொல்லாகவே நிற்கும். 1970களில் இந்திய வைத்தியசாலைகள் பலவற்றில் மனச்சோர்வு நோயாளருக்கு அதனைக் கொடுத்துச் சோதித்தனர். 1980களில் அது இந்திய மருந்துக் கடைகளில் வைத்தியரின் சீட்டுக்குக் கிடைத்தது. மனச்சோர்வுக்கு மாத்திரமன்றி, நித்திரையிற் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கும் இமிப்பிரமினைப் போலவே அதனைக் கொடுத்தனர்.

அதன் சிறப்பென்ன? நோயைத் தணிப்பதில் அஃது ஏறக்குறைய இமிப்பிரமினுக்கு நிகராயிருந்தது. ஆனால் முவ்வளைய மருந்துகளுக்கே உரிய வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் தடைப்படுதல் முதலிய தொல்லைகள் அதனாற் குறைவாக நேர்ந்தன என்று கூறப்பட்டது. இது சிறிய நன்மையாகத் தோன்றலாம். ஆனால் மூன்று வாரம் பொறுத்தாலன்றிப் பலன் தராத மருந்தை, முதல் நாளே வாயை உலர்த்தும் மருந்தை, நோயாளி இடையில் நிறுத்தி விடுவதே வழக்கம். தொல்லை குறைந்தால் மருந்து தொடரும். தொடர்ந்தால் நோய் தணியும். முவ்வளைய மருந்துகள் அனைத்துக்கும் உரிய ஓர் ஆபத்தும் உண்டு. அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் இருதயத் துடிப்பைக் குலைத்து உயிரைக் கொல்லும். ஆகவே இவற்றை நோயாளியின் கையில் ஒரேயடியாகக் கொடுத்து விடாமல், வீட்டில் ஒருவர் பொறுப்பாக வைத்திருந்து கொடுப்பது நல்லது என வைத்தியர் அறிவுறுத்துவர்.

புதிய மருந்து என்பது நூற்றுக்கணக்கான சேர்வைகளை ஆக்கி, அவற்றுள் ஒன்றைக் கடைசிவரை கொண்டு சேர்ப்பதன் பயன். அந்நாட்களில் ஆசியாவின் பெரும்பாலான நாடுகள், பிறர் கண்ட மருந்தை வாங்கிக் குளிசையாக்கி விற்பதோடு அமைந்தன. கருத்திலிருந்து கடை வரையும் ஒரு மருந்தை இந்திய மண்ணிலேயே கொண்டுவந்தது அரிய செயல். அங்ஙனமாயின் அதன் பெயர் ஏன் பரவவில்லை?

மருந்தின் குணத்தோடு அது பிறந்த காலத்தையும் வீட்டையும் நோக்க வேண்டும். 1970 இல் சீபாவும் கெய்கியும் ஒன்றாயின. அதனால் இமிப்பிரமின், குளோமிப்பிரமின், மப்புரோட்டிலின் என்று மூன்று மனச்சோர்வு மருந்துகளை உடைய வீட்டில், நான்காவது பிள்ளையாகச் சின்டமில் நின்றது. அதே 1970 இல் இயற்றப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு உரிமை தராமல் அதனை ஆக்கும் முறைக்கு மாத்திரமே உரிமை தந்தது. இச்சட்டத்தினால் ஏழை நோயாளிக்கு மருந்து மலிந்தது. இந்திய மருந்துக் கைத்தொழிலும் வளர்ந்தது. புதிய மருந்து தேடும் அந்நியக் கம்பனிகளுக்கோ இந்தியா முன்போலக் கவர்ச்சியாக இல்லை. இவற்றுக்கு மேலாக, 1980களின் ஈற்றில் புளுவொக்செற்றின் என்னும் புதுவகை மருந்து அமெரிக்காவில் வந்தது. அளவு மிஞ்சினாலும் உயிராபத்துக் குறைந்த அம்மருந்து உலகைப் பற்றியபோது, முவ்வளைய மருந்துகள் அனைத்துமே பின்தள்ளப்பட்டன. கோரேகாவ் நிலையமும் பின்னாளில் மூடப்பட்டது. 1996 இல் தாய்க் கம்பனி சன்டோசுடன் சேர்ந்து நோவார்ட்டிஸ் எனப் பெயர் மாறிற்று. இவ்வாறு சின்டமில் இந்தியாவுக்கு வெளியே பரவலாக அறியப்படாமலே நின்றுவிட்டது.

பாக்கு நீரிணைக்கு இப்பால் வேறொரு வரலாறு நடந்தது. இலங்கையில் 1971 ஆம் ஆண்டில், பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அவருடைய எண்ணம் எளியது. ஒரே குணமுடைய பல மருந்துகளைப் பல வணிகப் பெயர்களில் இறக்குமதி செய்வதால் ஏழை நாட்டின் பணம் வீணாகிறது; தேவையான சிலவற்றைத் தெரிந்து, பொதுப் பெயரில், மலிவாக வாங்கினால் எல்லோர்க்கும் மருந்து கிட்டும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இறக்குமதி மருந்துகள் அறுநூறு அளவுக்குக் குறைக்கப்பட்டன. இக்கருத்து உலக நாடுகளையும் ஈர்த்தது. 1977 இல் பிபிலே காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. மனச்சோர்வுக்கென அப்பட்டியலில் இடம்பெற்றது அமிற்றிப்டிலின். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயரே போதும் என்ற கொள்கையில், எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது வெல்லும். அண்டை நாட்டில் ஆக்கப்பட்ட அறியப்படாத உறவினன் வெளியே நிற்பான். இது நீதியின்மை அன்று. ஏழைக்கு மருந்து சேர வேண்டுமெனின் இத்தகைய தெரிவு வேண்டியதே. ஆயினும் பெயர் பரவிய மருந்து யாவும் சிறந்தது, பரவாதது யாவும் தாழ்ந்தது என்று எண்ணுவது தவறு என்பதை இது காட்டுகிறது.

மருந்து பட்டியலில் இருந்தாலும் மனிதரைச் சென்றடைய நெடுங்காலம் பிடித்தது. சாகாமத்து நோயாளி ஒருவருக்கு அமிற்றிப்டிலின் குளிசை கிடைப்பதற்குத் தடையாயிருந்தது அதன் விலையன்று. அவரைப் பார்த்து, "இது நோய்" என்று கூற ஓர் ஆள் அருகில் இல்லாமையே தடை. மனநல வைத்தியம் நெடுங்காலம் தலைநகரத்தை ஒட்டியே நின்றது. அதனை நாடிக் கிழக்கிலிருந்து போவதென்றால், நாட்டின் குறுக்கே ஒரு பயணம்; ஊர் வாயில் ஓர் ஏளனம்; போர்க்காலத்திற் சாவடிக்குச் சாவடி ஒரு விசாரணை. நோயை மறைத்து வைப்பதே குடும்பத்துக்கு எளிதாயிருந்தது.

2004 மார்கழி 26 இல் கடல் பொங்கியது. அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் இதனிலும் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் வேறில்லை. கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கண்ட துயரத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. துயரம் அனைத்தும் நோயன்று. இறந்தவர்க்காக அழுவது மனிதப் பண்பு. ஆனால் அழுகை ஓய்ந்த பின்னும் எழ முடியாதவர் பலர் இருந்தனர். எவருக்கு ஆறுதல் போதும், எவருக்கு வைத்தியம் வேண்டும் என்று பிரித்தறிய வேண்டிய தேவை நாடு முழுவதற்கும் அப்போது தெரிந்தது. 2005 இல் அரசாங்கம் ஏற்ற புதிய மனநலக் கொள்கை, அங்கொடையை மாத்திரம் நம்பாமல், மாவட்ட வைத்தியசாலைகளிலும் சிறிய கிளினிக்குகளிலும் மனநல வைத்திய உத்தியோகத்தரை அமர்த்தும் வழியை வகுத்தது. கரையோர ஊர்களின் நோயாளர் அயலூர் வைத்தியசாலையிலேயே துண்டு பெற்று, வரிசையில் இருந்து, விலையின்றிக் குளிசை வாங்கிச் செல்லும் நிலை இவ்வாறு உருவாயிற்று. அவர்கள் பெறுவது புளுவொக்செற்றினாயிருக்கலாம். கூன் கண்ட மருந்தின் தங்கையாகிய அமிற்றிப்டிலினாயிருக்கலாம்.

குளிசை ஒன்றே போதும் என்பதும் உண்மையன்று. கடன், பசி, வீட்டு வன்முறை, இழப்பு ஆகியவற்றைக் குளிசை நீக்காது. வைத்தியரின் பேச்சும், குடும்பத்தின் பொறுமையும், அயலாரின் மரியாதையும் அதனோடு சேரவேண்டும். பள்ளிவாசலிலோ கோயிலிலோ கிடைக்கும் ஆறுதலையும் விட வேண்டியதில்லை. ஓதிய தண்ணீரும் வைத்தியரின் குளிசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆறுதலை வைத்துக்கொண்டு வைத்தியத்தைத் தவிர்ப்பதே தீங்கு.

கோரேகாவில் உழைத்த இரசாயன அறிஞர்கள் சாகாமத்தைக் கண்டவரல்லர். சாகாமத்தில் உள்ளவர்கள் கோரேகாவைக் கேள்விப்பட்டவருமல்லர். ஆயினும் அவ்விரண்டும் ஒரு கருத்தால் இணைந்தவை. சோர்ந்து கிடக்கும் மனிதனிடத்திற் குற்றத்தைத் தேடாமல் நோயைத் தேடியவர்கள் அவ்வறிஞர்கள். அவர்கள் ஆக்கிய குளிசையின் பெயர் பரவாமற் போயிற்று. அவர்கள் கொண்ட எண்ணம் பரவினாற் போதும். அடுத்த முறை வட்டைக்குப் போகாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் அயலவரைக் காணும்போது, நாவில் எழும் ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு, "எத்தனை நாளாக நித்திரையில்லை?" என்று ஒருவர் கேட்பாராயின், அவ்வைத்தியத்தின் முதற் குளிசையை அவரே கொடுத்தவராவார்.